கொடுமையில் சேருமா?

"ஒரே ஒரு தடவை சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிஞ்சா, அது கொடுமையில சேருமா மேடம்?"

வக்கீலம்மா பேனா மூடியைக் கழற்றினார். எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தையல் கடை வைத்திருப்பதாக உள்ளே நுழையும்போதே சொல்லியிருந்தாள். தோளில் ஒரு பச்சை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்துக்கு என்னென்ன காரணம் செல்லும் என்று தெரிந்துகொண்டு போக வந்திருக்கிறாள்.

"தட்டு காலியா, சாப்பாட்டோடயா?"

"சாப்பாட்டோட."

"மேல பட்டுச்சா?"

"சுவத்துல பட்டுது. கறை இன்னும் போகல."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தட்டு." வக்கீலம்மா உதட்டைப் பிதுக்கினார். "குடும்பம்னா இதெல்லாம் இருக்கும்னு ஜட்ஜ் சொல்லிடுவார். வேற?"

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். துணி அளவு குறிக்கும் சீட்டு. அதன் பின்பக்கத்தில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது.

"ஆசை ஆசையா வாங்கின புதுத் துணியைக் கத்தரிக்கோலால ரெண்டா வெட்டிப் போட்டா?"

மூலை மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த உதவியாளரின் விரல்கள் நின்றுவிட்டன.

"எதுக்காக வெட்டணும்?"

"நிறம் பிடிக்கலை."

"ஒரு தடவை உடுத்திப் பார்க்கக் கூட விடலையா?"

"கடைப் பையிலேர்ந்து எடுத்ததோட சரி."

"அடப்பாவமே" என்றாள் உதவியாளர். வக்கீலம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். விரல்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

"மாசக்கணக்குல பேசாம இருந்தா?" என்று சீட்டைப் பார்த்துக் கேட்டாள் தையல்காரப் பெண். "அதிகபட்சம் ரெண்டு மாசம். ஏதாவது வேணும்னா எழுதி ஃப்ரிட்ஜுல ஒட்டி வைக்கறதுண்டு."

"எழுதி ஒட்டினா அதுவும் பேச்சுவார்த்தைதான்னு எதிர்க்கட்சி வக்கீல் சொல்லுவார். சரி, விட்டுட்டுப் போனது உண்டா?"

"கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுல போய்ப் பதினோரு மாசம்."

"அம்மா வீட்டுலயா?" வக்கீலம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது. "இந்த வயசுல அம்மா மடி கேக்குதாக்கும். ஆனா தொடர்ந்து ரெண்டு வருஷம் விலகியிருந்தாத்தான் கைவிட்டதாக் கணக்கு. இன்னும் பதிமூணு மாசம் அங்கேயே கிடந்திருந்தா நமக்கு வசதியாப் போயிருக்கும்."

"அங்கேயும் ஒத்துவரலை மேடம். வந்தாச்சு."

வக்கீலம்மா விடுவதாக இல்லை. தடித்த சட்டப் புத்தகத்தை இழுத்து வைத்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார்.

"வேற யாரோடயாவது தொடர்பு?"

"சீச்சீ."

"மதம் மாறினது?"

"இல்லை."

"மனநோய்?"

"கோவம் வந்தா யாரும் பக்கத்துல நிக்க முடியாது."

"அது குணம். டாக்டர் சர்ட்டிஃபிகேட் தரமாட்டார். துறவறம்?"

"போறேன் போறேன்னு சொல்றதோட சரி."

"ஏழு வருஷமா உயிரோட இருக்கற தகவலே இல்லாம இருக்கணும்."

"பேச ஆரம்பிச்சா நாலு வீட்டுக்குக் கேக்கும் மேடம்."

வக்கீலம்மா பெருமூச்சு விட்டார். "கடைசியா ஒரு வழிதான். ஒரு வருஷம் பிரிஞ்சிருந்துட்டு, ரெண்டு பேரும் சம்மதிச்சுச் சேர்ந்து மனு போடலாம்."

அந்தப் பெண் நாற்காலியில் இன்னும் முன்னால் நகர்ந்தாள். "ஒருத்தர் கையெழுத்துப் போட மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சா?"

"எத்தனை நாளைக்கு?"

"உயிர் இருக்கற வரைக்கும்."

"அப்போ அந்தக் கதவும் சாத்திக்கும்." வக்கீலம்மா புத்தகத்தை மூடினார். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் ஒரு பெண்ணை வெறுங்கையோடு அனுப்புவது அவருக்கு எப்போதுமே கஷ்டமாகத்தான் இருந்தது. "தட்டு, துணி, பேசாம இருந்தது, பதினோரு மாசம். இவ்வளவையும் பொறுத்துப் போறதுன்னா அதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும் தெரியுமா?"

அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. "பெரிய மனசுதான் மேடம். அதுல ஒரு குறை சொல்ல முடியாது."

உதவியாளர் எழுந்து வந்து தண்ணீர் தம்ளரை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"உங்களை ஏமாத்த எனக்கு இஷ்டமில்லை" என்றார் வக்கீலம்மா. "இந்தக் காரணங்களை வச்சுக்கிட்டு எந்த வக்கீல் கிட்டப் போனாலும் கேஸ் நிக்காது. அலைச்சல்தான் மிச்சம்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும்?"

"எங்க போனாலும் இதே பதில்தான்."

"இதை உங்க லெட்டர்ஹெட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா மேடம்?"

வக்கீலம்மாவுக்குப் புரியவில்லை. "விவாகரத்து கிடைக்காதுங்கறதை எழுதி வாங்கி என்னம்மா பண்ணப் போறீங்க?"

"வீட்டுக்காரர் கிட்டக் காட்டணும்." தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள் அவள். "வக்கீலைப் பார்க்கப் போறேன்னு காலையிலேயே சட்டையைத் தேய்ச்சு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். தட்டை எறிஞ்சதுலேர்ந்து அம்மா வீட்டுக்குப் போனது வரைக்கும் எல்லாம் நான் பண்ணினதுதான் மேடம். பத்தொன்பது வருஷமா என்னைத் தாங்கின மனுஷன், அவர் எதுக்கு இன்னும் கோர்ட்டுக்கு வேற அலையணும்?"