வாடகைக்குப் பன்னிரண்டு பிள்ளைகள்

ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் வாடகை முந்நூறு. சிரித்தால் ஐம்பது கூடுதல்.

“பகல் கொள்ளையா இருக்கே!” என்று மேசையைத் தட்டினார் கோட்டுத் தொழிற்சாலையின் மேனேஜர். “பெத்த பிள்ளையை வாடகைக்கு விடுறியே, வெக்கமா இல்ல?”

எதிரே நின்ற பட்டன்காரி அசரவில்லை. பட்டன் தைக்கும் பிரிவில் அத்தனை பெண்களுக்கும் அவள்தான் வாய். “இல்லாத காப்பகத்துக்கு நீங்க மூணு வருஷமா காசு வாங்குறீங்க சார். நான் இருக்கிற பிள்ளைக்குத்தானே கேக்கிறேன்?”

மேனேஜருக்குச் சுருக்கென்றது. கோட்டு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தன் சமூகப் பொறுப்பைப் பற்றி வழவழப்பான தாளில் ஆண்டுதோறும் புத்தகம் போடும். தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு இங்கே காப்பகம் நடப்பதாக அதில் பக்கம் நிறையப் பெருமை; நடத்தப் பணமும் தனியாக வரும். வந்த பணம் மேனேஜர் வீட்டுக்கு மாடியாக ஏறிவிட்டது. காப்பக அறையில் அட்டைப்பெட்டிகள் குடியிருந்தன.

இந்த அழகில் திங்கட்கிழமை ஒரு போன். வியாழனன்று கம்பெனியின் ஆய்வாளர் காப்பகத்தைப் பார்க்க வருகிறாராம்.

“சரி, முந்நூறு. சிரிப்புக்கெல்லாம் தனியாத் தர முடியாது. அழுதா பிடிச்சுக்குவேன்.”

“அழுதா நீங்கதான் சார் தூக்கி வெச்சுக்கணும், காப்பகம் உங்களுது. பன்னெண்டு பிள்ளைங்க. காசு முன்கூட்டியே வேணும்.”

காசை எண்ணி வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள்.

அவள் பிள்ளைக்கு இரண்டு வயது. அடுப்பு, படிக்கட்டு, லாரி ஓடும் தெரு எல்லாம் ஒரே எட்டில் இருக்கும் வீடு. அதனால் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளையின் காலைக் கட்டில் காலோடு துணியால் கட்டிவிட்டுத்தான் போவாள். காப்பகத்தைத் திறக்கச் சொல்லி மேனேஜரிடம் போய் நின்றபோதெல்லாம் அவளுக்குக் கிடைத்தது ஒரே பதில்தான்: “பிள்ளை பெத்துக்கச் சொன்னது நானா?”

அந்த வாரம் வேலையும் கழுத்தை நெரித்தது. புது மாதிரிப் பச்சைக் கோட்டு, பெரிய கறுப்புப் பட்டன் வைத்தது. ஒரு உருப்படிகூட இன்னும் கப்பலேறவில்லை. பேக்கிங் பிரிவில் மலையாகக் குவிந்து கிடந்தது.

வியாழக்கிழமை. அட்டைப்பெட்டிகள் போன இடம் தெரியவில்லை. மஞ்சள் பெயின்ட் காயாத சுவருக்கு நடுவே பன்னிரண்டு பிள்ளைகள்.

வாடகைக் காரிலிருந்து ஆய்வாளர் அம்மாள் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, நிமிர்ந்த நடை, பச்சைக் கோட்டு. கைப்பையைத் திறக்கப் போனவரை மேனேஜர் பதறித் தடுத்தார்.

“அடையாள அட்டையெல்லாம் எதுக்குங்க மேடம்? நீங்க யாருன்னு போன்லயே உங்க குரல் சொல்லிடுச்சே, வாங்க வாங்க!” என்றவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். “அட, நம்ம சரக்கு! பட்டனெல்லாம் எங்க பொண்ணுங்க கைவேலை மேடம்.”

பட்டன்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எந்தப் பட்டன் தொங்குகிறதோ என்று மற்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எதுவும் தொங்கவில்லை.

“பிள்ளைங்க தினமும் வர்றாங்களா?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“தினமும் மேடம்! பால், பிஸ்கட், பாய், தலையணை, எல்லாம் நம்ம பொறுப்பு. என் சொந்தப் பிள்ளைங்க மாதிரி!” சொந்தப் பிள்ளைகளில் ஒன்று அந்த நேரம் பார்த்து அவர் பேண்ட்டை நனைத்தது.

ஆய்வாளர் குனிந்து பட்டன்காரியின் பிள்ளையைத் தூக்கினார். கணுக்காலில் துணி இறுக்கிய தடம். அதை விரலால் தடவினார். பேசியபோது குரல் வேறாக இருந்தது.

“கேட்டுக்குங்க. ரெண்டு ஆயா வேலைக்கு வரணும், இன்னிக்கே. வேலை நேரம் முழுக்க இந்தக் கதவு திறந்திருக்கணும், அதை வாசல்ல எழுதி மாட்டணும். சொல்லாம கொள்ளாம வருவேன். வர்ற அன்னிக்கு ஒரு பிள்ளை குறைஞ்சிருந்தாலும் உங்க ஆர்டர் அத்தனையும் ரத்து!”

சாயங்காலத்துக்குள் ஆயாக்கள் வந்துவிட்டார்கள். மேனேஜர் தாமே ஆணியடித்துப் பலகை மாட்டினார். இறங்கும்போது பட்டன்காரியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “நாளைக்கும் வாடகைன்னு வந்து நின்னே, நடக்கிறதே வேற!”

“சேச்சே, நாளையிலேருந்து இலவசம் சார்.”

வேலை விட்டதும் அவள் நேராகக் கடைத்தெருக் கோடியில் இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அங்கே ஆய்வாளர் அம்மாள் காத்திருந்தார். பட்டன்காரி மடியிலிருந்து பணத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள். “பேசினபடி பன்னெண்டு பிள்ளைங்க வாடகை. முழுசா இருக்கு.”

ஆய்வாளர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எண்ணினார். முந்நூறை மட்டும் தனியாக எடுத்துத் திருப்பி நீட்டினார். “உன் பிள்ளைக்கு வாங்கினதை நீயே வெச்சுக்க. கணக்கு நேராச்சா?”

“எங்க நேராச்சு? வேஷத்தைக் கலைச்சிட்டு அந்தக் கோட்டைக் குடு அக்கா, பேக்கிங்ல ஒண்ணு குறையுது.”