கோட்டில் நிற்காத புள்ளி

நன்றாகத் தூங்கும் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்று நிரூபணமானதிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் பள்ளி கொடுத்த தலையணையில்தான் படுத்தார்கள். அது தூக்கத்தை அளந்து பள்ளிக்கு அனுப்பும். தூக்கம் குறைந்தால் அடுத்த வகுப்பு கிடையாது.

சேவியரைப் பள்ளிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திரையில் ஒரு கோடு. எல்லாப் பிள்ளைகளும் அதை ஒட்டிப் புள்ளிகளாக நின்றார்கள். அவன் மகள் அனிஷாவின் புள்ளி மட்டும் தனியே ஒரு மூலையில்.

"தூக்கத்துல கடைசி, மார்க்குல முதல். இப்படி ஒரு பிள்ளை இருக்கவே முடியாது சார்," என்றார் ஷகிலா டீச்சர். "இவளை ஏத்திவிட வழியில்ல."

"ராத்திரி தூங்கலியா மக்ளே?" பக்கத்தில் நின்ற அனிஷாவிடம் சேவியர் கேட்டான்.

"நான் நல்லாத்தான் தூங்குறேன். உறையை மாத்தி, பள்ளிக்கூடத் தலையணையை உங்களுக்கு வச்சேன். அம்மா செத்ததுக்குப் பொறவு, தூங்கினேன்னு தினமும் சொல்றீங்கல்லா, அது நிஜமான்னு பாத்தேன்."

சேவியர் தரையைப் பார்த்தான்.

டீச்சர் திரையை உற்றுப் பார்த்தார். "சில நாள் மட்டும் நல்லாத் தூங்கியிருக்காரே?"

"அன்னைக்கெல்லாம் அப்பா மேல கால் போட்டுப் படுத்தேன். மத்த நாள் தனியாப் படுத்தேன். வித்தியாசம் தெரியணும்லா டீச்சர்?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் புள்ளியை அழித்தார். "இனி உன் தலையணையில நீ படு. அடுத்த வகுப்புக்குப் போலாம்."

வெளியே வந்ததும் அனிஷா கேட்டாள்: "கால் போட்டா உங்களுக்குத் தூக்கம் வரும்னு நிரூபிச்சாச்சுல்லா?"

சேவியர் கல்லூரியில் புள்ளியியல் படித்தவன். அதை நிரூபிக்க அவள் எடுத்த கணக்கே தாராளம் என்று அவனுக்குத் தெரியும்.

"பத்தாது மக்ளே," என்றான். "இன்னும் ரொம்ப நாள் சோதிச்சுப் பாக்கணும்."