மாமியார் முறுக்கிய கயிறு

வேன் கதவு திறந்ததும் எர்மெக் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான். அவன் பின்னாலேயே அவன் அம்மா புருலும் ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

"அம்மாவும் வர்றாங்களா? பையனுக்குப் பத்தொன்பது வயசா, ஒன்பது மாசமா?" என்று டிரைவர் சிரித்தார்.

புருல் சிரிக்கவில்லை. அவளால் ஏறாமல் இருக்க முடியாது. அவள் இடது கணுக்காலில் தொடங்கி மகனின் வலது பூட்ஸுக்குள் போய் மறையும் கயிறு மூன்று முழம்தான்.

நாலு நாளாக அப்படித்தான். பால் கறக்கப் போனாலும் இரண்டு பேர், தண்ணீருக்குப் போனாலும் இரண்டு பேர். அவன் கக்கூஸுக்குள் இருந்தால் அவள் வெளியே பனியில் நிற்பாள், கயிறு கதவிடுக்கு வழியாக உள்ளே போகும்.

வேறு என்ன செய்வாள்? பையன்கள் 'உப்பு' என்று சொல்கிற அந்த வெள்ளைத் தூள் மூன்று வருஷமாக அவனைத் தின்றுகொண்டிருந்தது. அவனோடு அதைத் தொட்ட பக்கத்துத் தெருப் பையனைப் போன குளிர்காலத்தில் மண்ணில் வைத்தார்கள். சபை நடத்துகிற மீட்பு வீட்டிலிருந்து இதே வேன் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை கொல்லைச் சுவர் ஏறி ஓடினான். இரண்டாம் தடவை வழியில் கோச்கோர் ஊர்ச் சந்தையில் வேன் நின்ற ஒரு நிமிஷத்தில் குதித்து ஓடினான். இனி ஒரு தடவை ஓடினால் அங்கே அவனுக்கென்று வைத்திருக்கும் கட்டில் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

ஒவ்வொரு ராத்திரியும் முழங்கால் போட்டு ஜெபித்தாள். "ஆண்டவரே, என் பிள்ளைய உம்ம கையிலயே விட்டுட்டேன்."

ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் கை கயிற்றை இழுத்துப் பார்க்கும். விறைப்பாக இருக்கும். அதற்கப்புறம்தான் கண்ணை மூடுவாள்.

கயிறு மாமியார் முறுக்கியது. கறுப்புக் கம்பளியும் வெள்ளைக் கம்பளியும் சேர்த்து, எர்மெக் நடக்கப் பழகிய வருஷம், நடை பழகும் பிள்ளையின் இரண்டு காலையும் கட்டி அறுக்கும் ஊர் வழக்கத்துக்கென்றே முறுக்கினாள். புருல் கட்ட விடவில்லை. நாங்கள் இப்போது இயேசுவின் பிள்ளைகள், அதெல்லாம் பழைய பழக்கம் என்று சொல்லிவிட்டாள்.

"கால் கயிறு அறுக்காத பிள்ளை ஆயுசுக்கும் தடுக்கித் தடுக்கி விழும்டி," என்று கிழவி கத்தினாள். "ஊர்ப் பசங்களுக்கு ஓட்டப்பந்தயம் வெச்சு, ஜெயிச்சவன் கையில கத்தியக் குடுத்து அறுக்கச் சொல்றோம். அதுல உங்க இயேசுவுக்கு என்னடி கொறஞ்சு போச்சு?"

அறுக்காத கயிறு ஆட்டுக்குட்டி கட்டப் போனது. பதினெட்டு வருஷம் கழித்து அவளே அதை எடுத்து வந்து மகன் காலில் கட்டினாள்.

வேனுக்குள்ளிருந்து பாஸ்டர் மாரத் இறங்கி வந்தார். அவரும் ஒரு காலத்தில் இதே உப்பைத் தின்று மீண்டவர். கயிற்றைப் பார்த்தார். டிரைவரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எஜே," என்றார். அவருக்கு எல்லாத் தாய்மாரும் அக்காதான். "எங்க வீட்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது. கட்டி இழுத்துட்டு வர்ற பிள்ளைய நாங்க சேர்க்க முடியாது. அவனாத்தான் ஏறணும்."

"அவுத்தா ஓடிருவான் தம்பி."

"ஓடலாம்."

"ஓடினா செத்துருவான்."

பாஸ்டர் வேன் கதவருகிலிருந்து விலகி வழி விட்டார்.

புருல் சாலையைப் பார்த்தாள். இந்தப் பக்கம் சந்தை, அந்தப் பக்கம் மலை. பிள்ளை ஓடுவதற்கு எவ்வளவு இடம் வைத்திருக்கிறார் கர்த்தர்! அவள் மகன் காலடியில் உட்கார்ந்து, கால்சட்டையை மேலே ஏற்றி, முடிச்சைத் தேடி பூட்ஸுக்குள் விரலை விட்டாள்.

கயிறு கையோடு வந்துவிட்டது.

முடிச்சு இல்லை. வெறும் நுனி. அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"ரெண்டாவது நாளே அவுத்துட்டேம்மா," என்றான் எர்மெக். உதடு வெடித்திருந்தது. "நாலு தடவ வாசல் வரைக்கும் போனேன். எதுக்குத் திரும்பி வந்தேன்னு எனக்கே தெரியல."

"நான் இழுத்துப் பார்த்தேனே. ஒவ்வொரு ராத்திரியும்."

"கையில புடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். இல்லன்னா நீ தூங்க மாட்டியே."

புருல் தன் காலில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நாலு நாள் இழுத்து இழுத்து அது கல்லாகிவிட்டிருந்தது. நகம் இறங்கவில்லை.

எர்மெக் பாஸ்டரிடம் கையை நீட்டினான். "கத்தி குடுங்க."

பாஸ்டர் அந்த நடுங்கும் கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு கத்தியைக் கொடுத்தார்.

அவன் குனிந்து அம்மாவின் காலைத் தன் முழங்காலில் எடுத்து வைத்தான். கத்தி இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை அறுந்தது. கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வேனில் ஏறினான்.

வேன் கணவாய்ப் பக்கம் திரும்பி மறைகிற வரை புருல் சாலையோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வழியில் இன்னும் மூன்று இடத்தில் வேன் நிற்கும். அவளுக்குத் தெரியும்.

"ஆண்டவரே, என் பிள்ளைய உம்ம கையிலயே விட்டுட்டேன். ஆமென்."

கை தானாகக் கணுக்காலுக்குப் போனது.

அங்கே சிவந்த தடம் மட்டும் இருந்தது.