தீர்ப்பில் வந்த நாற்காலி

ஊசி இறங்கும்போது நான் என் சொந்த நாற்காலியில் மல்லாந்திருந்தேன்.

சொந்தம் என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை. நேற்று மதியம் நீதிமன்றமே சொன்ன சொந்தம்.

மிதித்தால் ஏறுகிறது, மிதித்தால் இறங்குகிறது. ஓய்வு பெறும்வரை ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சோதித்துச் சான்று கொடுத்தவன் நான். சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவு நயமாக மேலே போன ஒன்றை நான் பார்த்ததில்லை. இன்னும் ஒரு மிதி விழுந்திருந்தால் மேகத்தில் தலை இடித்திருக்கும்.

மிதித்தது பல் டாக்டர். என் அண்ணன் மகள்.

அவள் முகம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. முகமூடிக்கு மேலே அச்சு அசலாக அண்ணனின் புருவம். வழக்கு நடந்த காலமெல்லாம் கோர்ட்டில் எதிர் வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்த அதே புருவம்.

அப்பா என் பெயருக்கு ஒரு கடையை எழுதி வைத்தார். நான் வெளியூர் உத்தியோகத்தில் இருந்ததால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்ணனுக்கு. அண்ணன் நன்றாகவே பார்த்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடையை விற்று லாரி வாங்கினார். லாரியை விற்று மகளுக்கு இந்தக் கிளினிக்கை வைத்துக் கொடுத்தார்.

நீதிபதி லேசுப்பட்டவர் இல்லை. கடையின் வாலைப் பிடித்தார், லாரிக்குள் புகுந்தார், அந்தப் பக்கமாக வெளியே வந்து இந்த நாற்காலியில் ஏறி நின்றார். என் கடை என்னவாக மாறியிருந்தாலும் அது என்னுடையதுதானாம். கிளினிக்கையே எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அண்ணனிடம் நஷ்ட ஈடாகப் பணம் வாங்கிக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று, என் இஷ்டம்.

அண்ணனிடம் பணம் ஏது? போட்டிருக்கும் சட்டைக்கே பாதிப் பொத்தான்தான். கிளினிக்கை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், நேரில் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள், சாயங்காலம் போன் செய்கிறேன் என்றார் என் வக்கீல்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

தீர்ப்பைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாங்க சித்தப்பா என்றாள். எந்தப் பல் என்றாள். காட்டினேன். படம் எடுத்தாள், அதையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு, முதலில் இதைப் பார்த்துவிடலாம் என்று ஊசியை எடுத்தாள்.

உதடு மரத்தது. கன்னம் மரத்தது. பாதி முகத்தை யாரோ கழற்றிக்கொண்டு போனது மாதிரி.

நேற்றும் இப்படித்தான் இருந்தது. ஜெயித்தால் நான் குதிக்கிற குதியில் கோர்ட் கூரை பெயர்ந்து பக்கத்து ஊரில் விழும் என்று வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். தீர்ப்பைப் படித்தார்கள். வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாருடைய கையோ குலுங்கியது.

துளைக்கிற கருவி சீறியது. யோசித்துப் பாருங்கள். நான் வாயைக் குகை மாதிரி திறந்துகொண்டு கிடக்கிறேன். நாளைக்குத் தெருவில் நிற்கப் போகிறவள் கையில் கருவி. கொஞ்சம் வழுக்கினால் போதும், உச்சந்தலை வழியாக வெளியே வந்திருக்கும்.

வழுக்கவில்லை.

மேலே விளக்கின் விளிம்பில் என் முகம் தெரிந்தது. தாடையில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அவள் கருவியை நிறுத்திவிட்டு, பஞ்சை எடுத்து அதைத் துடைத்தாள். அவசரமில்லாமல், கைக்குழந்தைக்குத் துடைப்பதுபோல.

பார்த்ததால்தான் துடைத்ததே எனக்குத் தெரிந்தது.

வேலை முடிந்து நாற்காலியை நிமிர்த்தியபோது சட்டைப் பையில் போன் அடித்தது. என் வக்கீல் போனில் பேசினால் அடுத்த தெருவில் இருப்பவர்களும் பதில் சொல்லலாம். இடமா பணமா என்று கேட்டார்.

அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவி வைத்த கருவிகளையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

பணம் என்றேன். பாதி வாயில் வார்த்தை நொண்டியது. நிறுத்தி மறுபடியும் சொன்னேன். உங்கள் அண்ணனிடம் ஏது பணம், பைத்தியம் பிடித்துவிட்டதா உங்களுக்கு என்று வக்கீல் ஆரம்பித்ததும் போனை அணைத்துவிட்டேன்.

ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

குழாய் நின்றது. அவள் நன்றி சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு எதையும் மெல்லக் கூடாது, மரத்திருப்பதால் கன்னத்தையே கடித்துக்கொண்டாலும் தெரியாது என்றாள். எல்லோருக்கும் சொல்வதுதான் போலிருக்கிறது.

கதவருகில் போனபோது கூப்பிட்டாள்.

"சொத்தை வலது பக்கம் இருந்துச்சு சித்தப்பா, அடைச்சுட்டேன். நீங்க காட்டின இடது பக்கத்துல ஒண்ணுமே இல்ல. படம் எடுத்தப்பவே தெரியும்."

ஊசிக்கு முன்னாலேயே.

நான் வந்தபோது எந்தப் பக்கமும் வலிக்கவில்லை.