சின்னவனுக்கு ஒரு தெரு

"வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமாச்சு சார். பகலெல்லாம் கால் கடுக்க நிக்கிறான். நீங்க கொடுக்கறது பஸ்ஸுக்கே பத்தலை. டீக்கடையில கிளாஸ் கழுவறவன்கூட என் சின்னவனைவிட அதிகம் வாங்கறான்!"

அம்மா மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். மேனேஜர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்.

"எந்தக் கம்பெனியிலயும் அடிமட்டத்துக்கு அவ்வளவுதாம்மா. ஒரு தெருவுக்குப் பொறுப்பா வந்தாத்தான் கையில நாலு காசு நிக்கும்."

"அதைத்தானே கேக்கறேன்? பெரியவனுக்குக் கொடுத்த மாதிரி இவனுக்கும் ஒரு தெருவைக் கொடுங்க. அவனையே உங்ககிட்டப் பேசச் சொல்லியிருப்பேன். ரெண்டு நாளா வீட்டுப் பக்கமே வரலை."

"இடம் காலியாகணுமேம்மா."

"காலியாகணும்னுதான் தினமும் சாமிகிட்ட வேண்டிக்கிறேன்." சொன்னவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேனேஜர் தலை குனிந்தார். "இன்னிக்குக் காலையில ஒண்ணு காலியாயிடுச்சு. நாளைக்குச் சின்னவனை அனுப்பி வைங்க."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இருந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. போதைப்பொருள் விற்கும் கும்பலில் யாரும் ஓய்வுபெற்றுப் போவதில்லை. எதிர்க் கோஷ்டியின் கத்திதான் இடத்தைக் காலி செய்யும். யார் பெற்ற பிள்ளையோ என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"எந்தத் தெரு சார்?"

மேனேஜர் நிமிராமலே சொன்னார்.

"பெரியவன் தெருதாம்மா. வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரலை."