நாலு ஜிபி கேட்கிறார்கள்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள கணினி திருத்தும் கடையில் மின்விசிறி சுழல்கிறது, வெக்கை அசையவில்லை. பேசாலையிலிருந்து ஜெசிந்தா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பழைய கணினிப் பெட்டி மேசையில் திறந்து கிடக்கிறது. வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை அவளுக்குத் திங்கட்கிழமை தொடங்குகிறது. கணினியில் நாலு ஜிபி றாம் நினைவகம் இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் மறுபடி நண்டுத் தொழிற்சாலையில் ஓடு உடைக்க வேண்டும். அவள் விரல் நுனிகளில் பழைய வெட்டுகள் வெளுத்திருக்கின்றன. கடைக்காரன் அனுசாந்தன் கைவிளக்கை அணைக்கிறான். "றாம் செருகிற ரெண்டு ஸ்லொட்டிலை ஒண்டு செத்துப்போச்சு அக்கா. பொலித்தீன் சுத்தி வைச்சனீங்களோ?" "ஓம். கடல்காத்துப் படக்கூடாதெண்டு." "உள்ளுக்கை வேர்த்து உப்புப் பிடிச்சிட்டுது. பச்சைப்பிள்ளையைக்கூட இப்பிடிப் பொத்தி வைக்கமாட்டினம்." அவள் சிரிக்கவில்லை. "மற்ற ஸ்லொட்டிலை நாலு போடேலாதோ?" "ஒரு ஸ்லொட்டிலை ரெண்டு ஜிபிக்கு மேலை இது எடுக்காது. ரெண்டெண்டாலும் போட்டுவிடவோ?" அவன் இரண்டு ஜிபி றாமில் இரு வகை எடுத்து வைக்கிறான். ஒன்றில் வேகம் 667 என்றும் மற்றதில் 800 என்றும் இருக்கிறது. "ஒரே விலைதான். எதைப் போட?" "வேகம் கூடினதை." "அதுவும் இதுக்குள்ளை மெதுவாத்தான் ஓடும், அக்கா." "இருக்கட்டும். திங்கட்கிழமை இதோடை தொடங்கிப் பாப்பம். போடுங்கோ." அவன் இரண்டு பெருவிரல்களாலும் அழுத்துகிறான். இரு பக்கக் கொக்கிகளும் எழுந்து அதைக் கவ்விக்கொள்கின்றன.