கூடையில் கிடந்த ரவை

பூவம்மாவின் மகனைக் கொழும்பில் ஒரு போதைக் கும்பல் கொன்றது. இன்ஸ்பெக்டர் கிரிஷாந்தன் அந்தக் கும்பலை விடாமல் துரத்தினார். அவர் நல்லாயிருக்க வேண்டுமென்று தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனுக்குப் பூவம்மா தினமும் விளக்கேற்றினாள்.

கொழும்பில் அவர்களைப் பிடிக்கப் போன காலையில், கும்பல் தலைவன் நேருக்குநேர் நின்று அவரைச் சுட்டான். சட்டையில் துளை விழுந்தது. உடம்பில் கீறல்கூட இல்லை. துப்பாக்கி ரவையை எங்கு தேடியும் காணோம்.

வழக்கு முடிந்து, தீர்ப்பைச் சொல்ல அவரே பூவம்மாவின் லயத்து வீட்டுக்கு வந்தார். பூவம்மா அழுது முடித்து, தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு சாமி படத்தடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள்.

"கொழுந்து நிறுக்கக் கொட்டயில கூடையில கெடந்துச்சுங்கய்யா. யாரோ காட்டுப்பன்னி சுட்டிருப்பாங்க. போலீஸ்லதானே குடுக்கணும்?"

"என்னைக்கு?"

"நீங்க அவனப் புடிச்ச அன்னைக்குத்தாங்க."

உள்ளங்கையில் ரவை இன்னும் சுட்டது. கிரிஷாந்தன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளைக் கும்பிட்டார்.